ஆளுநர் எங்கே என்று யாருக்கும் தெரியாத ஆறு நாட்கள்

மனைவிக்குத் தெரியாமல் வேறொருவருடன் உறவு வைத்திருந்து, அதற்காகத் தன் வேலையையும் போட்டுவிட்டுப் போகிற அரசியல்வாதி பதவி விலகத்தான் வேண்டுமா என்பது கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறவுக்காக அவரை விலகச் சொல்ல எனக்கும் உங்களுக்கும் உரிமை இல்லை. வேலையைப் போட்டுவிட்டுப் போனதற்காக அவர் விலகியே ஆக வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே வாரத்தில் சேர்ந்து நடக்கும்போது நாம் முதலாவதைப் பற்றியே வாய் ஓயாமல் பேசி, இரண்டாவதைத் தப்பவிட்டுவிடுகிறோம். இதற்கு மார்க் சான்ஃபோர்டின் கதையைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. அதனால் அதையே விரிவாக எடுத்துக்கொள்கிறேன்.

சான்ஃபோர்டு அமெரிக்காவின் தென் கரோலினா மாநில ஆளுநராக இருந்தவர். குடியரசுக் கட்சிக்காரர். 2002 தேர்தலில் வென்று அடுத்த ஜனவரியில் பதவியேற்றார். 2006ல் மறுபடியும் வென்றார். அங்கே ஆளுநர் என்றவுடன் நம் ராஜ்பவனை நினைத்துவிடக் கூடாது. மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகத் தலைவர் அவர். ஏறக்குறைய நம் முதலமைச்சரின் இடம். மாநிலத்தின் தேசியக் காவல் படை அவர் உத்தரவில் இயங்குகிறது. புயல் வந்தால் கடலோர மக்களை வெளியேறச் சொல்லி உத்தரவு போடுவது அவர். மரண தண்டனைக் கைதியின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைக்கும் அதிகாரமும் அவருடையதே.

2009 ஜூன் 18, வியாழக்கிழமை. சான்ஃபோர்டு மெய்க்காவலர்கள் யாரும் இல்லாமல் அரசு வாகனத்தில் கிளம்பினார். அந்த வாகனம் பிறகு கொலம்பியா நகர விமான நிலையத்தில் நின்றுகொண்டிருந்தது. செல்போனில் அழைத்தால் பதில் இல்லை. வெள்ளி, சனி கடந்தன. ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் தந்தையர் தினம்; அவருடைய நான்கு மகன்களும் அப்பா இல்லாமல் அந்த நாளைக் கழித்தார்கள். திங்கட்கிழமை, மாநில செனட்டர் ஒருவர் "ஆளுநர் எங்கே?" என்று வெளிப்படையாகவே கேட்டுவிட்டார். அவர் எங்கே இருக்கிறார் என்று தனக்குத் தெரியாது என்றார் மனைவி. துணை ஆளுநருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஆளுநர் அலுவலகம் ஒரு விளக்கம் கொடுத்தது: அவர் அப்பலேச்சியன் மலைப்பாதையில் நடைப்பயணம் போயிருக்கிறார்.

அந்தப் பாதை ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் வரை 14 மாநிலங்கள் வழியாக ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் போகிறது. தென் கரோலினா அந்தப் பதினான்கில் இல்லை. அதாவது, அலுவலகம் சொன்னது உண்மையாகவே இருந்திருந்தாலும் ஆளுநர் மாநிலத்துக்கு வெளியேதான் இருந்திருப்பார். ஆளுநர் வெளியே இருக்கும்போது அவசர நிலைமை வந்தால் துணை ஆளுநர் செயல்படலாம் என்று அந்த மாநில அரசியல் சட்டம் சொல்கிறது. வெளியே போயிருக்கிறார் என்ற தகவலே துணை ஆளுநருக்கு எட்டாதபோது அந்தச் சட்டப் பிரிவால் யாருக்கு என்ன பயன்?

ஜூன் 1ஆம் தேதியே அட்லாண்டிக் புயல் பருவம் தொடங்கியிருந்தது. 1989ல் ஹ்யூகோ புயலில் அடிபட்ட சார்ல்ஸ்டன் கடற்கரை அந்த மாநிலத்துடையது. வேலையில்லாதோர் ஏறக்குறைய 12 சதவீதம். நாட்டிலேயே மிக மோசமான நிலைமை இருந்த மாநிலங்களில் அதுவும் ஒன்று. பொருளாதார நெருக்கடிக்காக மத்திய அரசு கொடுத்த 70 கோடி டாலரை வாங்க மாட்டேன் என்று சான்ஃபோர்டு மாதக்கணக்கில் மல்லுக்கு நின்றார். அந்தப் பணத்தைக் கேட்டு விண்ணப்பித்தே ஆக வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் ஜூன் மாதத் தொடக்கத்தில்தான் உத்தரவிட்டிருந்தது. பெரும்பாலும் பள்ளிக்கூடங்களுக்குப் போக வேண்டிய பணம் அது. அப்படிப்பட்ட ஒரு மாதத்தில்தான் அவர் காணாமல் போனார்.

புதன்கிழமை விடியற்காலை, அட்லாண்டா விமான நிலையம். 'தி ஸ்டேட்' நாளிதழின் நிருபர் ஜினா ஸ்மித் அங்கே காத்துக்கொண்டிருந்தார். அர்ஜென்டினாவிலிருந்து வரும் விமானத்தில் ஆளுநர் இருக்கலாம் என்று பத்திரிகை கணக்குப் போட்டிருந்தது. கணக்கு தப்பவில்லை, பயணிகளோடு பயணியாக சான்ஃபோர்டு வெளியே வந்தார். மலையேறப் போகவில்லை, புவனோஸ் அயர்ஸ் போயிருந்தேன், கடலோரமாகக் காரில் சுற்றினேன் என்று அவரிடம் சொன்னார். அதுவும் பாதி உண்மைதான். அன்று பிற்பகல் தலைமைச் செயலகக் கட்டடத்தில் செய்தியாளர்களைச் சந்தித்து, அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒரு பெண்ணுடன் தனக்கு உறவு இருப்பதை ஒப்புக்கொண்டார். மனைவியிடமும் பிள்ளைகளிடமும் நண்பர்களிடமும் மன்னிப்புக் கேட்டார், கண் கலங்கினார். கடந்த ஐந்து நாட்களை அர்ஜென்டினாவில் அழுதே கழித்ததாகச் சொன்னார். தான் மலைப்பாதையில் இருப்பதாகத் தன் ஊழியர்களை நம்பவிட்டதையும் ஒத்துக்கொண்டார்.

குடியரசுக் கட்சி ஆளுநர்கள் சங்கத்தின் தலைவர் பதவியை அன்றே விட்டார். ஆளுநர் பதவியை விடவில்லை. 2011 ஜனவரியில் பதவிக்காலம் முடியும்வரை அதில் இருந்தார்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு ஏன் இதில் இவ்வளவு ஆத்திரம் என்பது அப்போதுதான் உங்களுக்குப் புரியும்.

நான் முப்பது ஆண்டுக்கு மேல் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் டெல்டா கடற்கரையோரத்தில் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தேன். புயல் எச்சரிக்கை வந்திருந்த ஒரு நாள், மாலை நான்கு மணியிலிருந்து எங்கள் அதிகாரியைக் காணவில்லை. தலைமையிடத்தை விட்டுப் போக அனுமதி வாங்கவில்லை. பொறுப்பை யாரிடமும் ஒப்படைக்கவும் இல்லை. முகாமாகத் திறக்க வேண்டிய பள்ளிக்கூடத்தின் சாவிக்கொத்து அவர் அறையில், பூட்டிய பீரோவுக்குள் இருந்தது. கிடங்கிலிருந்து அரிசி எடுக்க அவர் கையெழுத்து வேண்டும். இருட்டுவதற்குள் நாற்பது மீனவக் குடும்பங்கள் பள்ளிக்கூடத்து வராண்டாவில் வந்து நின்றுவிட்டன. ரேஷன் கார்டை பாலிதீன் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்த ஒரு பாட்டி, "சார், கதவைத் திறங்க, பிள்ளைங்க நனையுது" என்று என்னிடமே நான்கைந்து முறை கேட்டார்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. எனக்கு மேலே இருந்த உதவியாளர், "ஐயா கேம்ப்பில் இருக்கிறார் என்று சொல்" என்றார். சொன்னேன். இரண்டாவது முறையும் அதையே சொன்னேன். மூன்றாவது முறை எதிர்முனையில் இருந்தவர், "எந்தக் கேம்ப்?" என்று கேட்டார். ரிசீவரைக் கையில் பிடித்தபடி நான் நின்ற நிலை இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு, எது வந்தாலும் வரட்டும் என்று கிராம உதவியாளர் ஒருவர் கடப்பாரையால் பள்ளிக்கூடப் பூட்டை உடைத்தார்.

மறுநாள் மதியம் அதிகாரி வந்து சேர்ந்தார். வேறொரு ஊரில் ஒரு பெண்ணின் வீட்டில் இருந்தார் என்ற பேச்சு அதற்குள் பரவியிருந்தது. அடுத்த ஆறு மாதம் டீக்கடையிலும் அலுவலகத்திலும் அந்தப் பெண் யார், என்ன ஊர், எத்தனை நாள் பழக்கம் என்பதுதான் பேச்சு. விசாரணைக்கு வந்தவர்களும் அதைத்தான் துருவித் துருவிக் கேட்டார்கள். வராண்டாவில் ஐந்து மணி நேரம் மழையில் நின்ற நாற்பது குடும்பங்களைப் பற்றி என்னிடம் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் ஊர் விடாமல் இழுத்துப் பேசியது.

அவர் அன்று மதுரையில் தன் சொந்தத் தங்கை கல்யாணத்தில் இருந்திருந்தாலும் குற்றம் அதே குற்றம்தான். சான்ஃபோர்டுக்கும் இதையே பொருத்திப் பாருங்கள். அவர் அர்ஜென்டினாவுக்கு மீன் பிடிக்கப் போயிருக்கட்டும், புத்தகம் எழுதப் போயிருக்கட்டும். பத்து மணி நேர விமானப் பயணத் தொலைவில், யாருக்கும் சொல்லாமல், பொறுப்பை ஒப்படைக்காமல், போனை எடுக்காமல் ஆறு நாள். தன் கீழே வேலை செய்பவர்களை நாட்டு மக்களிடம் பொய் சொல்லும்படி விட்டுவிட்டுப் போனார். ஆளுநரின் செய்தித் தொடர்பாளர் தலைக்கு மேல் ஒரு மலைப்பாதையைச் சுமந்துகொண்டு நிருபர்களுக்குப் பதில் சொன்னபோது, அவர் நிலைமை அன்றைய என் நிலைமைதான். பெண் விஷயத்தை முழுவதுமாக எடுத்துவிட்டுப் பார்த்தாலும் இது ஒன்றே ராஜினாமாவுக்குப் போதும்.

தனிவாழ்க்கை எது, பொதுவாழ்க்கை எது என்று அந்தச் சமயத்தில் சரியாகப் பிரித்துப் பார்த்தது 'தி ஸ்டேட்' பத்திரிகைதான் என்று நினைக்கிறேன். சான்ஃபோர்டும் அந்தப் பெண்ணும் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்கள் 2008 டிசம்பரிலேயே பெயரில்லாத ஒருவரிடமிருந்து அவர்களுக்கு வந்துவிட்டன. உண்மைதானா என்று உறுதி செய்ய முடியாததால் ஆறு மாதம் வெளியிடாமல் வைத்திருந்தார்கள். ஆளுநர் காணாமல் போனபிறகுதான் அந்தக் கடிதங்கள் அவர்களுக்கு ஒரு துப்பாக மாறின. விமான நிலையத்துக்கு நிருபரை அனுப்பினார்கள். அதுவரை அவர்கள் செய்தது அத்தனையும் சரி. மறுநாள் அந்தக் கடிதங்களை அச்சிட்டதுதான் எனக்கு உடன்பாடில்லை. அவர் எங்கே இருந்தார் என்பது தெரிந்துவிட்டது, அவரே ஒப்புக்கொண்டும் விட்டார். அதன்பிறகு இரண்டு பேர் ஒருவருக்கொருவர் எழுதிய அந்தரங்கத்தை ஊர் படிப்பதால் தென் கரோலினா மக்களுக்கு என்ன கிடைத்தது? கிடைத்ததெல்லாம் பேச்சுக்குத் தீனி. அன்றிலிருந்து ஆறு நாள் காலியாகக் கிடந்த நாற்காலியை எல்லோரும் மறந்துபோனார்கள். அது ஒரு காதல் கதையாகிவிட்டது.

சட்டசபை என்ன செய்தது என்று பார்த்தால் வருத்தமாக இருக்கும். 'கடுமையான குற்றம் அல்லது பதவியில் கடுமையான முறைகேடு' இருந்தால் ஆளுநரைப் பதவிநீக்கம் செய்யலாம் என்பது அங்கே விதி. 2009 டிசம்பரில் கூடிய துணைக்குழு, பதவிநீக்கம் வேண்டாம் என்று 6க்கு 1 என்ற கணக்கில் முடிவு செய்தது. 2010 ஜனவரியில் சபை 102க்கு 11 என்று ஒரு கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. கண்டனம் என்றால் காகிதத்தில் ஒரு குட்டு. அரசு நன்னடத்தை ஆணையம் தனியாக விசாரித்து 37 குற்றச்சாட்டுகள் வைத்தது: அரசுப் பணத்தில் உயர் வகுப்பு விமான டிக்கெட், அரசு விமானத்தைச் சொந்த வேலைக்கு எடுத்தது, தேர்தல் நிதியைச் சொந்தச் செலவுக்குப் பயன்படுத்தியது. கடைசியில் 74,000 டாலர் அபராதம் கட்டினார். சாகும்வரை சிக்கனம் பேசுவேன் என்பதுபோல் நடந்துகொண்டவர் அவர். வீண் செலவைக் கண்டிக்க 2004ல் இரண்டு பன்றிக்குட்டிகளை இரு கைகளிலும் இடுக்கிக்கொண்டு சட்டசபை வாசலுக்கே வந்தவர்.

பதவிநீக்கம் ஏன் நடக்கவில்லை? பெரிய காரணம் ஒன்று உண்டு. சான்ஃபோர்டு போனால் துணை ஆளுநர் ஆந்த்ரே பாயர் ஆளுநராகிவிடுவார். பாயருக்கு 2010 தேர்தலில் நிற்கும் ஆசை இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே தேர்தலைச் சந்திக்கும் வாய்ப்பை அவருக்குக் கொடுக்க அவர் கட்சிக்குள்ளேயே போட்டியாளர்களுக்கு மனமில்லை. சான்ஃபோர்டு விலகினால் நான் தேர்தலில் நிற்கவே மாட்டேன் என்று பாயர் வாக்குக் கொடுத்தும் ஒன்றும் நகரவில்லை. ஆளுநரும் துணை ஆளுநரும் அன்றைக்குத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்; இருவருக்கும் ஒத்துப்போகவும் இல்லை. 2012ல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி அரசியல் சட்டத்தையே திருத்தி, 2018 முதல் இருவரும் சேர்ந்து ஒரே அணியாகப் போட்டியிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். அந்த ஆறு நாட்களுக்குப் பிறகு நடந்தவற்றில் உருப்படியானது என்று நான் நினைப்பது இதைத்தான்.

சரி, "கட்டிய மனைவியையே ஏமாற்றுகிறவன் ஓட்டுப் போட்டவனை ஏமாற்ற மாட்டானா?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல மனிதர்கள்தான் இதைக் கேட்கிறார்கள், அதனால் பதில் சொல்ல வேண்டும். வரலாறு இந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லை. அமெரிக்காவைப் பெருமந்தத்திலும் உலகப் போரிலும் வழிநடத்திய அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மனைவிக்கு உண்மையாக இருக்கவில்லை. ரிச்சர்டு நிக்ஸன் மேல் அப்படி ஒரு புகார் நிரூபணமானதில்லை. ஆனால் வாட்டர்கேட் ஊழலில் நாட்டையே ஏமாற்றி 1974 ஆகஸ்டில் அதிபர் பதவியை விட்டுப் போனார். மனைவிக்குச் செய்த துரோகத்துக்குக் கணக்குக் கேட்க வேண்டியவர் மனைவி. ஜென்னி சான்ஃபோர்டு கேட்டார். கணவரின் தேர்தல் வேலைகளையே முன்னின்று நடத்தியவர் அவர். ஆனால் அந்தச் செய்தியாளர் சந்திப்பில் கணவர் பக்கத்தில் போய் நிற்கவில்லை. ஆண்டு முடிவதற்குள் விவாகரத்துக்கு மனுப் போட்டார். அது அவருடைய நீதிமன்றம், அவருடைய தீர்ப்பு. அதில் வாக்காளனுக்கு இடமில்லை.

தென் கரோலினாவின் சட்டப் புத்தகத்தில் திருமணம் மீறிய உறவு அன்றும் ஒரு குற்றமாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 500 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. 1949 வரை விவாகரத்தே அனுமதிக்காத மாநிலம் அது. ஆனாலும் அந்தச் சட்டத்தின் கீழ் சான்ஃபோர்டு மேல் வழக்குப் போட யாரும் முன்வரவில்லை. சாதாரணக் குடிமகன் மேல் போடாத வழக்கை ஆளுநர் மேல் மட்டும் போடுவது முறையும் ஆகாது. நம் நாட்டில் 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், திருமணம் மீறிய உறவைக் குற்றமாக்கிய 497ஆவது பிரிவை ரத்து செய்தபோது சொன்னதன் சாரமும் இதுதான்: விவாகரத்துக்கு அது காரணமாகலாம், சிறைக்குக் காரணமாக முடியாது.

ஆனால் உறவு எப்போதுமே தனிப்பட்ட விஷயம்தான் என்று சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள மாட்டேன். சான்ஃபோர்டு காணாமல் போவதற்கு இரண்டு நாள் முன்பு, ஜூன் 16 அன்று, நெவாடாவைச் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்ற செனட்டர் ஜான் என்சைன் தனக்கு இருந்த ஓர் உறவை ஒப்புக்கொண்டார். அந்தப் பெண் அவருடைய தேர்தல் அலுவலகத்தில் சம்பளம் வாங்கியவர். பெண்ணின் கணவரும் என்சைனிடமே வேலை செய்தவர். இருவரும் வேலையை விட்டுப் போனார்கள். செனட்டரின் பெற்றோர் அந்தக் குடும்பத்துக்கு 96,000 டாலர் கொடுத்தது பிறகு வெளியே வந்தது. சம்பளம் கொடுக்கிற கை தன்னுடையது என்னும்போது எதிரே இருப்பவரால் எவ்வளவு தூரம் 'மாட்டேன்' என்று சொல்ல முடியும்? இதை நான் உறவு என்ற தலைப்பில் வைக்க மாட்டேன், அதிகாரம் என்ற தலைப்பில் வைப்பேன். என்சைன் அன்றே போயிருக்க வேண்டும். செனட்டின் நன்னடத்தைக் குழு நெருங்கி வந்த பிறகு 2011 மேயில்தான் போனார். பில் கிளின்டன் விஷயத்திலும் இதே காரணத்தால் நான் அவர் பக்கம் நிற்கவில்லை. அவர் நாட்டின் அதிபர். அந்தப் பெண் வெள்ளை மாளிகையில் பயிற்சிக்கு வந்த 22 வயதுக்காரர்.

பிரான்சில் பெரிய மனது என்று நாம் புகழ்வதும் அவ்வளவு எளிமையானதல்ல. அதிபர் மித்தெரானுக்கு இன்னொரு குடும்பமும் ஒரு மகளும் இருந்தது 1994 நவம்பரில்தான் பத்திரிகையில் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் தோளைக் குலுக்கிக்கொண்டு போனார்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தக் குடும்பம் பல ஆண்டுகள் அரசாங்கத்துக்குச் சொந்தமான வீட்டில், அரசுக் காவலோடு இருந்தது. ரகசியத்தைக் காப்பாற்ற, பயங்கரவாதத்தைத் தடுக்க என்று அதிபர் மாளிகையில் அமைத்த பிரிவே பத்திரிகையாளர்கள், எழுத்தாளர்களின் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்டது. 2005ல் பாரிஸ் நீதிமன்றம் அதற்காகச் சில முன்னாள் அதிகாரிகளைத் தண்டித்தது. மகள் இருந்தது மித்தெரானின் சொந்த விஷயம். ஊரார் போனை ஒட்டுக்கேட்டது எப்படிச் சொந்த விஷயமாகும்?

பிரிட்டனில் 1963ல் போர்த் துறை அமைச்சர் ஜான் புரொஃப்யூமோ விலகியதும் உறவுக்காக என்றே பலர் நினைக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு சோவியத் கடற்படை அதிகாரி ஒருவரோடும் பழக்கம் இருந்தது. அது பாதுகாப்புக் கேள்வி. மார்ச்சில் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று தகாத தொடர்பு எதுவும் இல்லை என்று பொய் சொன்னார். ஜூனில் அதை ஒப்புக்கொண்டு விலகினார். பிறகு லண்டனின் கிழக்குப் பகுதியில் ஏழைகளுக்கான ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து வாழ்நாள் முழுக்க உழைத்தார். விலகுவது எப்படி என்பதற்கு நான் அவரைத்தான் காட்டுவேன். 2021 ஜூனில் சுகாதார அமைச்சர் மேட் ஹான்காக் போனது, கொரோனா காலத்தில் இடைவெளி விடுங்கள் என்று ஊருக்குச் சொன்ன விதியைத் தன் அலுவலகத்திலேயே மீறியதற்காக. செத்துக்கொண்டிருக்கும் தாயின் கையைப் பிடிக்க முடியாமல் ஜன்னலுக்கு வெளியே நின்ற மக்கள், அவர் தன் உதவியாளரைக் கட்டியணைத்த படத்தைப் பார்த்தார்கள். அவர் ஒரு நாள்கூடத் தாமதித்திருக்கக் கூடாது.

சிங்கப்பூரில் வேறு வழக்கம்; அங்கே ஆளும் மக்கள் செயல் கட்சியில் உறவு தெரியவந்தால் பெரும்பாலும் பதவி போய்விடும். 2012ல் நாடாளுமன்றத் தலைவர் மைக்கேல் பாமர், 2023 ஜூலையில் அதே பதவியில் இருந்த டான் சுவான் ஜின் என இருவர் போனார்கள். டானுடன் உறவிலிருந்த பெண் உறுப்பினர் செங் லி ஹுவியும் விலகினார். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பதில் ஒரு நேர்மை இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்று பாருங்கள். பாமருடையது ஒரே உறுப்பினர் கொண்ட தொகுதி, 2013 ஜனவரியில் இடைத்தேர்தல் வைத்துப் புது உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார்கள். டானும் செங்கும் பல உறுப்பினர்களை ஒரே அணியாகத் தேர்ந்தெடுக்கும் குழுத்தொகுதிக்காரர்கள். குழுவில் ஒருவர் விலகினால் அங்கே இடைத்தேர்தல் கிடையாது. செங் பார்த்துவந்த தெம்பனிஸ் கிழக்கில் 2025 மே பொதுத்தேர்தல் வரை அவர் இடம் காலியாகவே கிடந்தது. குழுவின் மற்ற உறுப்பினர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஒழுக்கத்தைக் காப்பாற்ற ஒருவரை வீட்டுக்கு அனுப்பி, ஓட்டுப் போட்டவர்களின் நாற்காலியைக் காலியாக விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்கள் துறைக்காரர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அரசு ஊழியர் சொல்லாமல் கொள்ளாமல் நான்கு நாள் வரவில்லை என்றால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும், தொடர்ந்தால் 17(பி) என்ற ஒழுங்கு நடவடிக்கை வரும், சம்பள உயர்வு நிற்கும். மனைவி உயிரோடு இருக்க இரண்டாம் கல்யாணம் செய்தால் நடத்தை விதிப்படி வேலைக்கே ஆபத்து. இந்த இரண்டில் முதலாவதையாவது மந்திரிக்கும் வையுங்கள் என்கிறேன். எங்கே போகிறீர்கள், எத்தனை நாள், பொறுப்பு யாரிடம் என்ற மூன்று வரியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். யாரோடு போகிறார் என்ற நான்காவது வரி வேண்டாம்.

சான்ஃபோர்டு இரட்டை வேடம் போட்டார், ஆளுநராவதற்கு முன் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது கிளின்டனைப் பதவிநீக்கம் செய்ய வாக்களித்தவர்தானே, அதற்காகவே போக வேண்டும் என்பார்கள். வாக்காளர் அதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும், அடுத்த தேர்தலில் காட்டட்டும். அதற்குத்தான் தேர்தல். அவர்கள் காட்டினார்களா என்றால், இல்லை.

சான்ஃபோர்டுக்குப் பிறகு ஆளுநரானவர் நிக்கி ஹேலி, பஞ்சாபிலிருந்து குடியேறிய குடும்பத்தின் மகள். அவர் டிம் ஸ்காட் என்ற அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினரை செனட்டுக்கு நியமித்தார். ஸ்காட் விட்டுப்போன தொகுதிக்கு 2013ல் இடைத்தேர்தல் வந்தது. சான்ஃபோர்டு அதில் நின்றார். நான் தவறு செய்தவன், கடவுள் இரண்டாவது வாய்ப்புத் தருபவர் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். உறவுக்காக மன்னிப்புக் கேட்டார். கேட்கக் கேட்க மக்களும் மன்னித்தார்கள்.

ஏப்ரல் 29 அன்று சார்ல்ஸ்டனில் நேருக்கு நேர் விவாதம். எதிர்த்து நின்றவர் எலிசபெத் கோல்பர்ட் புஷ். அரசாங்கச் செலவைக் குறைப்பது பற்றிப் பேச்சு போய்க்கொண்டிருந்தது. வரிப்பணத்தைக் காப்பது என்றால், மிச்சம் பிடித்த பணத்தை எடுத்துக்கொண்டு சொந்த வேலைக்காக நாட்டை விட்டுப் போவது என்று அர்த்தமில்லை என்றார் அவர். பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. போனதைப் பற்றி மட்டும்தான்.  அரங்கத்தில் ஒரே ஆரவாரம். சான்ஃபோர்டு, அவர் என்ன சொன்னார் என்று தனக்குக் கேட்கவில்லை என்றார். பிறகு வேறு விஷயத்துக்குப் போய்விட்டார். எட்டு நாள் கழித்து நடந்த தேர்தலில் 54 சதவீத ஓட்டு வாங்கி வென்றார்.